முகத்தில் தெரியாத பாதிப்பு: கருவிலுள்ள குழந்தையை மது என்ன செய்கிறது?

மதுவில் போதை தரும் பொருள் எத்தனால். மிகச் சிறிய மூலக்கூறு அது. தண்ணீரில் நன்றாகவே கரையும், கொழுப்பிலும் ஓரளவு கரையும். அதனால் உடம்பில் அது நுழைய முடியாத இடம் அநேகமாக இல்லை. கர்ப்பிணி குடிக்கும் மது இரைப்பையிலிருந்தும் குடலிலிருந்தும் ரத்தத்துக்குப் போகிறது, அங்கிருந்து நஞ்சுக்கொடிக்குப் போகிறது, நஞ்சுக்கொடியைத் தடையே இல்லாமல் கடந்து குழந்தையின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. தாயின் ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறதோ, ஓரிரு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட அதே அளவு குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும். பல கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் நஞ்சுக்கொடி மதுவைத் தடுப்பதில்லை.

தாயின் கல்லீரலில் மதுவை உடைக்கும் நொதிகள் நிறைய உண்டு. கருவின் கல்லீரலில் தொடக்க மாதங்களில் அவை அநேகமாக இல்லை, பிற்பாடும் மிகக் குறைவு. ஆகவே தன் உடம்புக்குள் வந்த மதுவைக் குழந்தையால் தானாக அப்புறப்படுத்த முடியாது. அது தாயின் ரத்தத்துக்குத் திரும்பிப் போய், தாயின் கல்லீரல் அதை உடைத்து முடிக்க வேண்டும். இதற்குள் பனிக்குட நீரிலும் மது சேர்ந்துவிடுகிறது. குழந்தை அந்த நீரை விழுங்குகிறது, சிறுநீராக அதிலேயே கழிக்கிறது, மறுபடி விழுங்குகிறது. தாய்க்குப் போதை தெளிந்த பிறகும் குழந்தையைச் சுற்றி மது தங்கியிருப்பது இப்படித்தான்.

பீர் லேசானது, ஒயின் உடம்புக்கு நல்லது என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் எத்தனால் இருக்கிறது. 12 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 14 கிராம். 40 சதவீத விஸ்கியோ பிராந்தியோ 45 மில்லியில் அதே 14 கிராம். கருவைச் சேருவது இந்த எத்தனால்தான். பானத்தின் பெயர், நிறம், விலை எதுவும் நஞ்சுக்கொடிக்குத் தெரியாது.

மூளை உருவாகும்போது நடப்பது

கருவில் ஓர் உறுப்பு உருவாவதற்குச் செல்கள் பெருகினால் மட்டும் போதாது. அவை உரிய இடத்துக்கு நகர்ந்து போக வேண்டும், பக்கத்துச் செல்லோடு சரியாக ஒட்டிக்கொள்ள வேண்டும், வேலை முடிந்த செல்கள் உரிய நேரத்தில் மடிய வேண்டும். மது இந்த ஒவ்வொரு படியிலும் குறுக்கிடுகிறது. மடியக் கூடாத நரம்புச் செல்கள் கூட்டமாக மடிகின்றன. நரம்புச் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் எல்1 என்ற புரதத்தின் வேலை கெடுகிறது. வைட்டமின் ஏயிலிருந்து உடம்பு தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம் கருவின் உறுப்புகள் எங்கே எப்படி அமைய வேண்டும் என்று சமிக்ஞை தரும் பொருள். அதைத் தயாரிக்கத் தேவைப்படும் நொதிகள் மதுவை உடைப்பதிலும் ஈடுபடுவதால் அந்தச் சமிக்ஞையும் தடுமாறுகிறது. மரபணுக்களின் எழுத்து மாறாமலேயே, எந்த மரபணு எப்போது வேலை செய்யும் என்ற ஒழுங்கு மாறிப்போவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வழியில் கெடுதல் செய்யும் பொருளாக இருந்திருந்தால் அந்த வழியை அடைக்க மருந்து தேடியிருக்கலாம். மதுவுக்குப் பல வழிகள் இருப்பதால்தான் அப்படியொரு மருந்து இன்றுவரை இல்லை.

எந்த நேரத்தில் குடித்தார் என்பதைப் பொறுத்துப் பாதிப்பின் உருவம் மாறும். 1981இல் கேத்லீன் சுலிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் சினை எலிகளுக்குக் கர்ப்பத்தின் 7ஆம் நாளில், அந்த ஒரு நாளில் மட்டும், அதிக அளவு மதுவைச் செலுத்திப் பார்த்தார். குட்டிகளின் முகம், மனிதக் குழந்தைகளில் மருத்துவர்கள் பார்த்திருந்த அதே வடிவத்தில் மாறியிருந்தது. எலியின் அந்த நாள் மனிதக் கருவின் மூன்றாவது வாரத்துக்குச் சமம். மூன்றாவது வாரத்தில் பெரும்பாலான பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரியாது. மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதோ என்ற சந்தேகம் அப்போதுதான் எழும்.

இந்த ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது, அது போதிய அளவு கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். முகம் மாறுவதற்கான காலம் மிகக் குறுகியது. அந்தச் சில நாட்களில் மது வராவிட்டால் முகம் இயல்பாகவே அமைந்துவிடும். மூளைக்கு அப்படி ஒரு குறுகிய காலம் கிடையாது. அது முதல் மாதத்தில் உருவாகத் தொடங்கி, பிறந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. ஐந்தாம் மாதத்தில் குடித்தாலும் எட்டாம் மாதத்தில் குடித்தாலும் மூளையில் ஏதோ ஒரு பகுதி அப்போது உருவாகிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அழகான, எந்தக் குறையும் தெரியாத முகத்தோடு பிறந்த குழந்தையின் மூளையில் மதுவின் பாதிப்பு இருக்க முடியும்.

படமெடுத்துப் பார்த்த மூளைகளில் சில பகுதிகள் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகின்றன. வலது, இடது அரைக்கோளங்களை இணைக்கும் பாலமான கார்பஸ் கலோசம் மெலிந்திருக்கும், சில கடுமையான நிலைகளில் அது உருவாகாமலேகூட இருக்கும். உடம்பின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை சிறுத்திருக்கும். நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ், பழக்கங்களைக் கற்கவும் உந்துதல்களை அடக்கவும் உதவும் காடேட் என்ற பகுதி ஆகியவையும் சிறியவையாக இருக்கும். மூளையின் மொத்த அளவே குறைவதும் உண்டு. இதயச் சுவரில் துளை, சிறுநீரகக் கோளாறு, காது கேளாமை, பார்வைக் குறை, எடை குறைந்த பிறப்பு, குறைப்பிரசவம் ஆகியவையும் மதுவோடு தொடர்புள்ளவை.

கரு தங்காமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தின் 5ஆம் வாரத்துக்கும் 10ஆம் வாரத்துக்கும் இடையே மது தொடரும் ஒவ்வொரு வாரத்துக்கும் கருச்சிதைவு ஆபத்து சுமார் 8 சதவீதம் கூடியது. தென்னாப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் சுமார் 12,000 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகும் குடியையும் புகையையும் சேர்த்தே தொடர்ந்த தாய்மார்களின் குழந்தைகள் உறக்கத்தில் திடீரென இறந்துபோகும் ஆபத்து ஏறக்குறைய 12 மடங்கு என்று அதில் தெரிந்தது. புகையும் குடியும் பல வீடுகளில் சேர்ந்தே இருப்பவை என்பதால் இந்த எண்ணை லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

தெரிந்தும் மறந்த 250 ஆண்டுகள்

இந்தத் தீங்கு நேற்று கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஜின் மது மலிவாகப் பெருகிய காலத்தில், 1726இல், லண்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதியது. பெற்றோரின் குடியால் பலவீனமான, நோயுற்ற குழந்தைகள் பிறக்கின்றன என்று அந்த மனுவிலேயே இருக்கிறது. 1899இல் லிவர்பூல் சிறையின் மருத்துவர் வில்லியம் சல்லிவன் ஒரு படி மேலே போனார். குடிப்பழக்கத்துக்கு ஆளான 120 பெண்களுக்குப் பிறந்த 600 குழந்தைகளின் கதியைத் தேடிக் கணக்கெடுத்தார். பாதிக்கும் மேற்பட்டவை இறந்தே பிறந்திருந்தன அல்லது இரண்டு வயதுக்குள் இறந்திருந்தன. அதே பெண்களின் குடிக்காத சகோதரிகள், உறவுக்காரப் பெண்களின் குழந்தைகளில் அந்த இழப்பு கால் பங்கு அளவில்தான் இருந்தது. பரம்பரைக் குறை என்ற விளக்கம் இங்கே நிற்காது என்பதை அந்த ஒப்பீடு காட்டிவிட்டது. கர்ப்பத்தின்போது சிறையில் அடைபட்டு, அதனால் குடிக்க முடியாமல்போன தாய்க்கு நல்ல குழந்தை பிறந்ததையும் அவர் கவனித்து எழுதினார்.

இவ்வளவு தெளிவான வேலை ஏன் மறக்கப்பட்டது? அந்தக் காலத்தில் மதுவுக்கு எதிரான பேச்சு ஒழுக்கப் பிரச்சாரத்தோடு பின்னிக் கிடந்தது. 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிவுக்கு வந்தபோது, மதுவின் தீமையைப் பேசுவதே பழைய பிரச்சாரத்தின் மிச்சம் என்று அறிவியலாளர்கள் ஒதுங்கினார்கள். பிரச்சாரத்தை உதறும்போது உண்மையையும் சேர்த்து உதறிவிட்டார்கள். நிலைமை எதுவரை போனது என்றால், 1960களில் குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்கென்றே கர்ப்பிணிகளின் ரத்தநாளத்தில் சொட்டுச் சொட்டாக மது ஏற்றினார்கள். பிரசவ வலியை மது நிறுத்திவைக்கும் என்பது ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற மகப்பேறு நிபுணர் பரப்பிய முறை. பல மருத்துவமனைகளில் அது வழக்கமான சிகிச்சையாகவே இருந்தது. அக்கறையோடுதான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை.

1968இல் பிரான்சின் நான்ட் நகரக் குழந்தைநல மருத்துவர் பால் லெமுவான், குடிக்கு அடிமையான பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஒரே மாதிரியான முகம், குன்றிய வளர்ச்சி, பரபரப்பு என எல்லாமே அதில் இருந்தன. பிரெஞ்சு மொழியில் ஒரு வட்டார மருத்துவ இதழில் வந்ததால் வெளியே யாரும் படிக்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் கிறிஸ்டி அல்லெலேண்ட் என்ற இளம் மருத்துவர், எடை கூடாமல் தவித்த கைக்குழந்தைகளின் தாய்மார்களில் பலர் மதுவுக்கு அடிமையானவர்கள் என்பதைக் கவனித்தார். அந்தக் குழந்தைகளைப் பார்த்த கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் 1973இல் லான்செட் இதழில் 8 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மூன்று வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த அந்த 8 குழந்தைகளுக்கும் சகோதரர்கள் போல ஒரே சாயல். அதே ஆண்டில் அவர்கள் சூட்டிய பெயர்தான் ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம், கரு மது நோய்க்குறி.

அந்தச் சாயலில் மூன்று அடையாளங்கள் முக்கியமானவை. கண்ணின் திறப்பு குறுகலாக இருக்கும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளம் மழுங்கியிருக்கும். மேலுதடு மெல்லியதாக இருக்கும். வயது ஏற ஏற இவை மங்கிவிடுவதால், வளர்ந்தவர்களிடம் கண்டறிவது இன்னும் கடினம்.

முகத்தை வைத்துக் கண்டுபிடித்ததால் ஒரு பெரிய நன்மையும் ஒரு பெரிய தீமையும் நேர்ந்தன. உலகம் கடைசியில் நம்பியது என்பது நன்மை. 1981இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை விடுத்தார். 1989 முதல் அங்கே மது பாட்டில்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. பிரான்சில் 2007இல் படக்குறி வந்தது, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2023இல் எச்சரிக்கைச் சின்னம் கட்டாயமாயிற்று. தீமை என்னவென்றால், முகத்தில் அடையாளம் இருந்தால்தான் நோய், இல்லாவிட்டால் நோயில்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடமே படிந்துபோனது. மதுவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளில் இந்த மூன்று அடையாளங்களும் முழுதாக இருப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மீதி அத்தனை பேரும் பார்வைக்கு எல்லாரையும் போன்ற குழந்தைகள். அவர்களையும் சேர்த்துச் சொல்லத்தான் எஃப்.ஏ.எஸ்.டி. (ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்) என்ற விரிந்த பெயர் இப்போது புழங்குகிறது.

வீட்டிலும் வகுப்பறையிலும் அது எப்படித் தெரியும்

காலையில் சொல்லிக்கொடுத்த பெருக்கல் கணக்கு மாலையில் மறந்துபோகும், மூன்றாம் நாள் திடீரென நினைவுக்கு வரும். உடனே "அன்னைக்குத் தெரிஞ்சுதே, இன்னிக்கு ஏன் நடிக்கிற?" என்று திட்டு விழும். மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொன்னால் முதலாவது மட்டும் நடக்கும். ஒரு தவறுக்குக் கிடைத்த தண்டனையை நினைவில் வைத்திருந்தாலும், அடுத்த முறை அதே சூழலில் அந்தப் பாடத்தைப் பொருத்திப் பார்க்கத் தெரியாது. பேச்சு சரளமாக இருக்கும், புரிதல் அந்த அளவுக்கு இருக்காது. பேச்சை வைத்துப் புரிதலை அளக்கும் நாம் அங்கேதான் ஏமாறுகிறோம். நேரம், பணம் இரண்டும் கைக்கு அடங்காது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வார்கள். நினைவிலுள்ள ஓட்டையை மூளை தானாக நிரப்பிக்கொள்வதால் அப்படி நேர்கிறது என்று தெரியாதவர்கள் அதைப் பொய் என்பார்கள்.

இவர்களில் பலருடைய ஐ.க்யூ. 70க்கு மேல்தான் இருக்கும். அறிவுசார் குறைபாடு என்ற வரையறைக்குள் வராததால் சிறப்புக் கல்வியோ உதவித்தொகையோ கிடைக்காது. கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு என்று ஒரு பெயர் கிடைக்கும். இல்லையென்றால் சோம்பேறி, அடங்காதவன், திருடன் என்ற பெயர்கள் கிடைக்கும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆன் ஸ்ட்ரைஸ்கத், கருவில் மதுவின் பாதிப்புக்கு உள்ளான 415 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து 1996இல் முடிவுகளைத் தந்தார். 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மனநலப் பிரச்சினைகள் இருந்தன. 12 வயதைக் கடந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் சட்டத்தின் பிடியில் சிக்கியிருந்தார்கள். பள்ளிப் படிப்பு தடைப்பட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. நான் பெரிதாக மதிப்பது அவர் கண்ட இன்னொரு முடிவை. முகத்தில் முழு அடையாளமும் உள்ளவர்களைவிட, அடையாளம் இல்லாதவர்களே இத்தகைய பின்விளைவுகளில் அதிகம் சிக்கினார்கள். முகத்தால் அடையாளம் காணப்பட்டவர்களுக்கு நோயின் பெயர் கிடைத்தது, அதன் பின்னால் உதவியும் கொஞ்சம் கிடைத்தது. மற்றவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. ஆறு வயதுக்குள் கண்டறியப்பட்டவர்கள், அடிக்கடி இடம் மாறாமல் அன்பான ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், அரசின் உதவிக்குத் தகுதி பெற்றவர்கள் ஆகியோருக்கு இந்தப் பின்விளைவுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. மூளையின் பாதிப்பு பிறக்கும்போதே வந்துவிட்டது. சிறைவாசமும் படிப்பு நின்றுபோவதும் அப்படி வந்தவையல்ல, அவற்றில் பெரும் பகுதியைத் தடுத்திருக்கலாம்.

"கொஞ்சமாகக் குடித்தால்?"

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஒரே உட்காரலில் நான்கைந்து கிளாஸ் குடிப்பது மிக மோசமானது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ரத்தத்தில் மதுவின் அளவு எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறதோ அவ்வளவு கெடுதல். வாரத்துக்கு ஏழு கிளாஸை ஏழு நாட்களில் குடிப்பதைவிட ஒரே இரவில் குடிப்பது கருவுக்குப் பல மடங்கு ஆபத்து.

எப்போதாவது ஒரு கிளாஸ் என்பதில்தான் சிக்கல். 2012இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வுகளில், குறைவாகக் குடித்த தாய்மார்களின் ஐந்து வயதுக் குழந்தைகளுடைய ஐ.க்யூ.வில் வேறுபாடு தெரியவில்லை. "பார்த்தீர்களா, கொஞ்சம் குடித்தால் ஒன்றுமில்லை" என்று செய்திகள் பறந்தன. ஆனால் பணக்கார நாடுகளில் அளவாக ஒயின் குடிக்கும் கர்ப்பிணிகள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள், வசதியானவர்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கு வேறு பல சாதகங்கள் உண்டு. மதுவின் சிறிய தீங்கு அந்தச் சாதகங்களுக்குள் மறைந்துவிடும்.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்துக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று இந்தத் திரையை வேறு வழியில் விலக்கியது. மதுவை உடம்பு எவ்வளவு வேகமாக உடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணு வகைகள் பணக்காரர், ஏழை பார்த்து அமைவதில்லை. அளவாகக் குடித்த தாய்மார்களின் குழந்தைகளை எடுத்துக்கொண்டால், மதுவை மெதுவாக உடைக்கும் மரபணு வகைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு எட்டு வயதில் ஐ.க்யூ. சற்றுக் குறைந்தது. கர்ப்பத்தில் குடிக்கவே குடிக்காத தாய்மார்களின் குழந்தைகளிடம் அதே மரபணு வகைகள் எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. வேறுபாடு மதுவால் வந்தது என்று கொள்வதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். பிறகு 2017இல் ஆஸ்திரேலியாவில் ஒரு வயதுக் குழந்தைகளின் முகங்களை முப்பரிமாணப் படமெடுத்தபோது, குறைவாகக் குடித்தவர்களின் குழந்தைகளிடமும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய மாறுதல்கள் தென்பட்டன. அந்த மாறுதலால் அந்தக் குழந்தைகளுக்குக் குறை வந்துவிட்டது என்று பொருளல்ல. சிறிய அளவு மதுவும் கருவைத் தொடுகிறது என்பதற்கு அது சான்று.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே அளவு குடித்த இரண்டு தாய்மார்களுக்கு ஒரே விளைவு வராது. தாயின் வயது, உடல் எடை, சத்துணவு, கல்லீரலின் வேகம், தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள மரபணு வகைகள் என எல்லாமே விளைவை மாற்றும். ஒரே கருப்பையில் ஒரே மதுவைச் சந்தித்த இரட்டையரில் ஒருவருக்குப் பாதிப்பு கடுமையாகவும் மற்றவருக்கு லேசாகவும் இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையரில் இந்த வேறுபாடு குறைவு, வேறு வேறு கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையரில் அதிகம். "எங்க அம்மா குடிச்சாங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்ற பேச்சுக்கு இதுதான் பதில். அந்த ஒருவருக்கு ஒன்றும் ஆகாதது அடுத்தவருக்குக் காப்பு ஆகாது. குறிப்பிட்ட ஒரு தாய்க்கு, குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கொஞ்சம் குடிக்கலாம் என்று முன்பு இடம் கொடுத்த பிரிட்டனும், 2016இல் அறவே தவிர்ப்பதே பாதுகாப்பு என்று தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது.

2017இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடுகளின்படி, கர்ப்ப காலத்தில் சுமார் 10 சதவீதப் பெண்கள் ஓரளவாவது குடிக்கிறார்கள். அப்படிக் குடித்தவர்களில் 13 பேரில் ஒருவருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. உள்ள குழந்தை பிறக்கிறது. ஆண்டுக்கு சுமார் 6,30,000 குழந்தைகள். 13இல் ஒன்று என்பது சராசரி. அளவு மீறிக் குடித்தவரும் ஒரு கிளாஸோடு நிறுத்தியவரும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

தெரியாமல் குடித்துவிட்டால்

உலகில் ஏறத்தாழ பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாமல் வருபவை. கர்ப்பம் என்று தெரியும் முன்பே குடித்துவிட்ட பெண்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். இந்த நிலையில் உள்ள பெரும்பாலான கர்ப்பங்களில் குழந்தை நல்லபடியாகவே பிறக்கிறது. தெரிந்த அன்றே நிறுத்துவது மிக நல்லது. நான்காம் மாதத்தில் நிறுத்தினாலும் ஏழாம் மாதத்தில் நிறுத்தினாலும் அதன் பிறகு உருவாகும் மூளைக்கு அது லாபம்தான். மகப்பேறு மருத்துவரிடம் எப்போது, எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தினமும் குடித்துப் பழகியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உடம்பு மதுவுக்கு அடிமையான பிறகு தானாகத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். குடி அவர்களுக்கு விருப்பம் என்ற நிலையைத் தாண்டி நோயாகிவிட்டது. நோய்க்குச் சிகிச்சை உண்டு.

குடிக்கும் கர்ப்பிணியின் பின்னால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கிறது. அடிக்கும் துணைவர், சிறுவயதில் அனுபவித்த கொடுமை, மனச்சோர்வு, வறுமை, வீட்டிலேயே தினமும் பாட்டிலைத் திறக்கும் இன்னொருவர். சில அமெரிக்க மாநிலங்களில் கர்ப்ப காலக் குடியைக் குழந்தைக்கு இழைக்கும் கொடுமையாகச் சட்டம் கருதுகிறது. இத்தகைய தண்டனைச் சட்டங்களால் குழந்தைகளுக்கு நன்மை விளைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் அங்கே கூடியதைத்தான் காட்டியிருக்கின்றன. குழந்தையைப் பறித்துக்கொள்வார்கள் என்று பயப்படும் பெண் பரிசோதனைக்கே வரமாட்டாள். கருவிலுள்ள குழந்தையை மருத்துவரிடமிருந்து தூரத்தில் வைக்கும் சட்டம் எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது.

பழி முழுதும் தாயின் தலையில் விழுவது அறிவியல்படியும் சரியல்ல. கருத்தரிப்புக்கு முன் தந்தை எலிக்குக் கொடுத்த மது, குட்டிகளின் முக அமைப்பையும் வளர்ச்சியையும் மாற்றியதை அண்மைக்கால ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களில் இதன் எடை எவ்வளவு என்பது இன்னும் ஆராயப்பட வேண்டியது. ஆனால் கர்ப்பிணி குடிப்பாளா மாட்டாளா என்பதில் துணைவரின் குடிக்குப் பெரிய பங்கு உண்டு என்பதற்குச் சோதனைச்சாலை தேவையில்லை. "நீ குடிக்காதே" என்று சொல்வதைவிட "நாம் இந்த ஒன்பது மாதம் குடிக்க வேண்டாம்" என்று சொல்லும் கணவர் அதிகம் உதவுகிறார்.

பிறந்த குழந்தைக்கு இந்தப் பாதிப்பு இருக்கிறதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது. குழந்தையின் முதல் மலத்திலும் குதிகாலில் எடுக்கும் ரத்தத் துளியிலும் மதுவின் தடயங்களைத் தேடலாம். அவை குடித்ததைச் சொல்லும், மூளை பாதித்ததா என்பதைச் சொல்லாது. வளர்ச்சி, நரம்பியல், நடத்தை, கற்றல் என்று பல துறை வல்லுநர்கள் சேர்ந்து பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். முகத்தில் அடையாளம் இல்லாத குழந்தையின் விஷயத்தில், கர்ப்பத்தில் மது இருந்ததா என்ற தகவல் இல்லாவிட்டால் அந்த முடிவே சாத்தியமில்லை. அந்தத் தகவலைத் தரக்கூடியவர் பெரும்பாலும் தாய்தான். குற்றவாளியைப் போல அவரை விசாரித்தால் அவர் சொல்லமாட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், மாத்திரைகள் பற்றிக் கேட்கும் அதே குரலில், எல்லாப் பெண்களிடமும், ஒவ்வொரு வருகையிலும் இதைக் கேட்பதுதான் மருத்துவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்று நம்புகிறேன்.

பாதிப்பு வந்த மூளையைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ள எஃப்.ஏ.எஸ்.டி. குழந்தைகளுக்கு ஒன்பது மாதங்கள் கோலின் என்ற சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நினைவாற்றலின் சில பகுதிகளில், குறிப்பாகச் சிறிய குழந்தைகளிடம், முன்னேற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வுகள்தான், இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல் வீட்டிலும் பள்ளியிலும் இப்போதே மாற்றக்கூடியவை இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்வது, சொல்வதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவது, தினமும் ஒரே ஒழுங்கில் நாளை நடத்துவது, பாடத்தை நூறாவது முறையும் முதல் முறை போலச் சொல்லித் தருவது, சத்தமும் கூட்டமும் குறைந்த இடத்தில் உட்கார வைப்பது, தண்டனையைக் கூட்டுவதற்குப் பதிலாகச் சூழலை மாற்றுவது. இவற்றைச் செய்யத் தொடங்கிய வளர்ப்புப் பெற்றோர்கள் பலர், குழந்தையின் கோபமும் அழுகையும் குறைந்ததாகச் சொல்கிறார்கள். 18 வயதானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று உதவியை நிறுத்துவதுதான் பெரிய தவறு. பணம், வேலை, மருந்து, நட்பு ஆகியவற்றில் பக்கத்தில் இருந்து வழிகாட்டும் ஒருவர் இவர்களில் பலருக்கு முப்பது, நாற்பது வயதிலும் தேவைப்படுகிறார்.